பிரெஞ்சில் வராத அழுகை

1986 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. மொரீஷியஸ் தீவில் மழைக்குப் பேர்போன கியூர்பிப்பில், எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் எழுத உட்கார்ந்தேன். எழுதச் சொன்னவர் ஒரு மருத்துவர்.

அம்மா இறந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அன்றிலிருந்து என் தொண்டை உணவை ஏற்க மறுத்தது. இரண்டாவது கவளத்திலேயே அடைத்துக்கொள்ளும். தொண்டையில் கோளாறு எதுவும் இல்லை என்ற மருத்துவர், மனதில் இருப்பதை எழுதிப் பார்க்கச் சொன்னார். பேருந்தில் நின்றுகொண்டு கல்லூரிக்குப் போகவும் தெம்பில்லை. ஆண்டிறுதித் தேர்வு வரை தாங்குவேனா என்று அப்பா கவலைப்படத் தொடங்கியிருந்தார்.

எழுதுவது எனக்குக் கைவந்த வேலை. பிரெஞ்சுக் கட்டுரையில் வகுப்பில் நான்தான் முதல். அன்றும் பிரெஞ்சில்தான் எழுதினேன். மூடுபனி சூழ்ந்த தோட்டம், உதிர்ந்த காமெலியா மலர், வீட்டை நிறைத்த மௌனம். ஒவ்வொரு வாக்கியத்தையும் அடித்து, திருத்தி, மெருகேற்றினேன்.

அக்கா தலையைத் துவட்டியபடி வந்து படித்தாள். பின்னலாடைத் தொழிற்சாலையில் அம்மாவுக்கு அடுத்த இயந்திரத்தில் வேலை பார்த்தவள் அவள்.

"ரொம்ப அழகா இருக்கு தங்கச்சி," என்றாள், தீவின் பேச்சுமொழியான கிரியோலில். "ஆமா, இதுல செத்தது யாரு?"

சுருக்கென்றது. "அம்மாதான். வேற யாரு?"

"நம்ம அம்மாவா! அவங்க கிட்ட இதைப் படிச்சுக் காட்டினா, எந்த பங்களா வெள்ளைக்கார மதாம் செத்துப்போனாங்கன்னு கேட்டிருப்பாங்க."

இருவரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு ஓய்ந்ததும் எனக்கு விளங்கியது: பிரெஞ்சில் எனக்குச் சொற்கள் மிகுதி, ஒளிந்துகொள்ள இடமும் மிகுதி. வேறொரு தாளில் தமிழில் தொடங்கினேன். வீட்டில் கிரியோல் பேசிய எனக்கு அப்போது தமிழ் என்பது கோயில் வகுப்பில் கற்ற கொஞ்சம் சொற்கள்தான். அலங்காரத்துக்கு அவை போதவில்லை.

அம்மாவுக்குக் காய்ச்சல். அம்மா வேலைக்குப் போனாள். மறுநாளும் போனாள். இப்போது அம்மா இல்லை. எனக்குக் கோபம். அம்மா மேல் கோபம். அம்மா, பசிக்கிறது.

அதற்கு மேல் எழுத முடியவில்லை. அக்காவின் தோளில் சாய்ந்து, வாய்விட்டு அழுதேன். இறந்தவர் மீது கோபப்படலாகாது என்று நான் விழுங்கி வைத்திருந்தது 'கோபம்' என்ற அந்த ஒரு சொல்லைத்தான்.

ஒரே நாளில் குணமாகிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். தொடர்ந்து எழுதினேன், தொடர்ந்து உண்டேன், தேர்வும் எழுதினேன். இன்று தமிழ்நாட்டில் தமிழ் இலக்கியம் படிக்கிறேன், சொற்கள் பெருகிவிட்டன. எனினும் மனம் கனக்கும்போது, அந்தக் கொஞ்சம் சொற்களுக்குள் நின்றே எழுதுகிறேன். அவற்றுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதை எனக்கு உறுதிப்படுத்தியது, அன்று அழுததற்கு மறுநாள் காலைதான். அக்கா வேலைக்குக் கிளம்புமுன், வெண்ணெய் தடவிய என் ரொட்டி முழுவதையும் தின்று, அவளுடையதில் பாதியையும் கேட்டு வாங்கித் தின்றேன்.