கழுவிய கற்கள்

திருவனந்தபுரத்தில் சுரங்கத் தொழில்நுட்பம் படித்த நாட்களில் எனக்கு வகுப்பில் இருப்புக் கொள்ளாது. செய்முறைத் தேர்வுக்காக, பூமியைத் துளைத்து எடுத்த கல் துண்டுகளை வலியசாலையில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொன்றிலும் அது கிடைத்த ஆழத்தைச் சாக்பீஸால் எழுதியிருந்தேன். வெளியிலிருந்து வரும் எதையும் அலம்பாமல் உள்ளே விடாத அம்மா, நான் குளித்து வருவதற்குள் அத்தனையையும் தேய்த்துக் காயவைத்துவிட்டாள்.

“ஒரே மண்ணா இருந்துதுடா,” என்றாள்.

ஆத்திரத்தில், மனதுக்குத் தோன்றிய ஆழங்களையெல்லாம் எழுதி மறுநாள் கொண்டுபோய் வைத்தேன். ஆசிரியர் ஒரு கல்லைக்கூடத் தொடவில்லை. “கொள்ளாம்,” என்று மலையாளத்தில் பாராட்டிக் கையெழுத்துப் போட்டார்.

பொய்யைக் கண்டுபிடித்து அவர் திட்டியிருந்தால் அந்த ஊரிலேயே இருந்திருப்பேன்; பொய்க்கும் பாராட்டுக் கிடைக்கிற இடத்தில் எனக்குப் படிக்க ஒன்றும் இல்லை என்று தோன்றியது. அன்று மாலையே ஸ்டேஷனுக்குப் போய், வடக்கே போகும் ரயில்களின் நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.