நான்காவது போர்ஷனின் தரை

திருவொற்றியூரில், நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கமாகப் போகும் ஒரு சந்தில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. வரிசையாக நான்கு போர்ஷன். ஒவ்வொன்றிலும் ஒரு கூடம், ஒரு சமையலறை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே, சேமிப்பையும் பேங்க் கடனையும் சேர்த்து அதை வாங்கினேன். அப்போதும் இப்போதும் நாங்கள் இருப்பது ராயபுரத்தில், வாடகை வீட்டில். தனக்கு ஒரு வீடில்லாதவள் ஊராருக்கு வீடு வாங்குகிறாளே என்று என் கணவர் வீட்டில் சிரித்தார்கள். பென்ஷன் இல்லாத வேலை எனக்கு. பின்னாளில் சோறு போடுவது அந்த நான்கு கதவுகள்தான் என்று நினைத்தேன்.

வாங்கும்போது மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், பின்னால் எல்லோருக்கும் பொதுவாக இரண்டு கழிவறை. ஒவ்வொரு போர்ஷனாக எடுத்துச் சரிசெய்தேன். ஷீட்டை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட்டேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி பாத்ரூம், தனி மீட்டர். மேஸ்திரி வியாசர்பாடியிலிருந்து வருவார். பேச்சுக்கு ஒரு பீடி பிடிப்பவர், ஆனால் வேலை சுத்தம். மூன்று போர்ஷன் முடிந்துவிட்டது. கடைசியில் இருந்த நான்காவது மட்டும் பாக்கி.

நான் வாங்குவதற்கு முன்பிருந்தே அதில் ஒரு குடும்பம் குடியிருந்தது. கணவர் டிரெய்லர் டிரைவர், எண்ணூர் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிப் போவார். மனைவி வீட்டிலேயே தையல். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். நான் போனால் டீ குடிக்காமல் அனுப்ப மாட்டாள் அந்தப் பெண். அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் மண்ணெண்ணெய் மாதிரி லேசாக ஒரு வாசனை வரும். சுவருக்கு அந்தப் பக்கம் லாரி ரிப்பேர் ஷெட். "எல்லாம் அந்த ஷெட்டு தான்க்கா. எங்களுக்குப் பழகிப் போச்சு" என்பாள். எனக்கும் அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் வாசனை இல்லாத வீடு எது?

தரை பழைய சிவப்பு சிமெண்ட். நடுவில் வெடித்து, பிள்ளைகள் பாய் போடும் இடத்தில் லேசாகக் குழிந்திருந்தது. மேலே ஃபேன் இருப்பதால் அங்கேதான் அவர்கள் படுப்பார்கள். தரையைக் கொத்தி எடுத்துவிட்டு டைல்ஸ் போடலாம் என்று முடிவாயிற்று. பீரோவையும் தையல் மெஷினையும் வாசலுக்கு நகர்த்தினார்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருந்தார்கள். நான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்து நின்றிருந்தேன்.

மேஸ்திரி சுவரோரமாகக் கொத்திக்கொண்டே நடுவுக்கு வந்தார். கடப்பாரையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். அது அவர் கையை உருவிக்கொண்டு தரைக்குள் போய்விட்டது.

போய்விட்டது என்றால், முழுசாக. அவர் குனிந்தபடி வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தரையில் தேங்காய் அளவுக்கு ஒரு ஓட்டை. ஒரு மூச்சு விட்டிருப்பேன், அதற்குள் எங்கோ கீழே 'தொளுக்' என்று தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது.

"இன்னா மேஸ்திரி ஆச்சு?" என்று சமையலறையிலிருந்து அவள் கேட்டாள். எங்களுக்காக டீ வைத்துக்கொண்டிருந்தாள்.

"கடப்பார உள்ள பூட்சும்மா" என்றார் அவர்.

அப்போதுதான் அந்த வாசனை எழுந்தது. அதுவரை பழகியிருந்த லேசான வாசனை இல்லை. பெட்ரோல் பங்கில் டேங்கைத் திறந்து முகத்தருகே பிடித்தது போல, கண்ணில் நீர் வரவைக்கும் நெடி. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காக, யோசிக்காமல், லைட் போட நான் சுவிட்சுக்குக் கையை நீட்டினேன்.

"சுச்ச தொடாத!"

அத்தனை வருஷத்தில் அவள் என்னை ஒருமையில் பேசியது அந்த ஒரு தடவைதான். என் மணிக்கட்டில் அறைந்தே தள்ளிவிட்டாள். அதற்குள் அடுப்பை அணைத்து, சிலிண்டரையும் மூடியிருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது. மேஸ்திரியின் விரலிடுக்கில் பீடி புகைந்துகொண்டிருந்தது. அவர் அதைத் தண்ணீர் பக்கெட்டில் முக்கி, அந்தக் கையை வெளியே எடுக்கவும் மறந்து நின்றார். "வெளிய போ, எல்லாம் வெளிய போ" என்று அவள் எங்கள் இருவரையும் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு சந்துக்கு வந்தாள். செருப்புகூட யாரும் போடவில்லை. பக்கத்துப் போர்ஷன்காரர்களையும் கூப்பிட்டு வெளியே நிறுத்திவிட்டு, சந்துமுனைக்குப் போய்த் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன். எனக்கு முகவரி சொல்ல வரவில்லை. என் சொந்த வீட்டின் கதவு எண் மறந்துவிட்டது.

தீயணைப்புக்காரர்கள் வந்து, தெருவின் கரண்டை நிறுத்தி, தரையைப் பிரித்தார்கள். கீழே ஒரு கிணறு. உறை இறக்கிய, அகலமான, நல்ல கிணறு. அதன் வாயில் பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகளை வரிசையாக அடுக்கி, மேலே ஜல்லியும் சிமெண்டும் கொட்டித் தரை போட்டிருந்தார்கள். வெளியே எடுத்துப் போட்ட கட்டை ஒன்றைத் தொட்டேன். டீயில் நனைத்த ரஸ்க் போல விரலோடு வந்தது. தண்ணீரின் மேல் டார்ச் வெளிச்சம் பட்ட இடத்தில் எண்ணெய் வண்ணவண்ணமாக மினுங்கியது. எங்கிருந்து அங்கே ஊறி வந்தது என்பதற்கு இன்றுவரை எனக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை.

அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். "யா அல்லா, எம் புள்ளைங்க" என்றாள். பிறகு சந்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கணவர் வண்டியை விட்டுவிட்டு ஓடி வந்தார். பள்ளத்தைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார். கோபப்படுவார், என்னை ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியாத சிரிப்பு. "ரம்ஜானுக்கு சொந்தக்காரங்க அத்தினி பேரும் இங்க தான குந்திகினு துன்னோம். எங்க மச்சான் ஒருத்தன் லாரி வெயிட்டு கீறான். அவன் கூட இங்க தான..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் சுவரில் நெற்றியை வைத்து அழுதார்.

அன்றே அவர்களைப் பழைய வண்ணாரப்பேட்டையில் அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். மறுநாள் காலையில் ரயிலேறி மீஞ்சூருக்குப் போனேன். எனக்கு வீட்டை விற்ற பெரியவர் அங்கே மகன் வீட்டில் இருந்தார். என்னவெல்லாம் கேட்கவேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போனேன்.

அவர் வாசலில் பனியனோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "வாம்மா, வா" என்று நாற்காலி போடச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"தரைக்கு அடியில கிணறு இருக்குன்னு ஏன் என்கிட்ட சொல்லல?"

அவர் பேப்பரை மடித்தார். நிதானமாக என்னைப் பார்த்தார்.

"எதும்மா? மொத வூட்ல கீறதா, கடசி வூட்ல கீறதா?"

போட்டிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். ஒன்று குடிக்க, ஒன்று புழங்க. தண்ணீரில் எண்ணெய் மிதக்க ஆரம்பித்தது. தெருவுக்குக் குழாய் வந்தது. இடம் வீணாகக் கூடாதென்று மூடிவிட்டு மேலே ரூம் போட்டது. எல்லாவற்றையும் ஏதோ ஜன்னல் மாற்றிவைத்த கதை போலச் சொன்னார். "நானும் எங்க வூட்டம்மாவும் அது மேல தான் படுத்துகினு இருந்தோம். எங்களுக்கு இன்னா ஆச்சு சொல்லு? அதும் இல்லாம, சொல்லிருந்தா நீ வாங்கிருப்பியா?"

அந்தக் குரலில் வஞ்சகம் எதுவுமில்லை. அதுதான் என்னை அதிகமாக உலுக்கியது. அவர் உண்மையாகவே என்னிடம் பதில் எதிர்பார்த்தார்.

"மொத வீட்ல எங்க?" என்று கேட்டேன்.

"பின்னால தொவைக்கற கல்லு இருந்துச்சே, அதும் பக்கத்துல."

துவைக்கிற கல்லைப் பெயர்த்துவிட்டு அங்கேதான் பாத்ரூம் கட்டியிருந்தேன். நான்கு போர்ஷனில் எனக்கு ரொம்பப் பிடித்த பாத்ரூம் அது. அந்தப் போர்ஷனில் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆன ஜோடி, பெண்ணுக்கு நிறைமாதம். அங்கேயே நின்று அவளுக்குப் போன் போட்டேன்.

"எங்கம்மா இருக்க?"

"வூட்ல தான்க்கா. குளிக்கப் போறேன். இன்னாக்கா?"

"போகாத. பாத்ரூமுக்குள்ள கால் வைக்காத. அப்படியே வாசலுக்கு வந்து நில்லு."

அவள் பயந்து அழ ஆரம்பித்துவிட்டாள். பெரியவரின் மருமகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரைக் கையில் வாங்கிய நினைவிருக்கிறது, குடித்த நினைவில்லை.

அன்று மதியமே மேஸ்திரி அந்தப் பாத்ரூமின் புது டைல்ஸை உடைத்தார். கீழே கருங்கல் பலகைகள். "இது ஸ்ட்ராங்கா கீதும்மா, பாருங்க" என்று அதன் மேல் ஏறி ஒரு குதி குதித்தார். நான் கத்திய கத்தலில் சந்தே கூடிவிட்டது. பலகையைப் புரட்டிப் பார்த்தால், உள்ளே முக்கால்வாசிக்கு மேல் கல்லும் மண்ணும் கொட்டித் தூர்த்திருந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள்.

கடைசிக் கிணற்றில் இருந்ததை டேங்கர் லாரி வந்து உறிஞ்சி எடுத்தது. அப்புறம் மணல், ஜல்லி, வாயு வெளியேறக் கூரைக்கு மேல் வரை ஒரு குழாய், கம்பி கட்டி கான்கிரீட் தளம். தையல்காரப் பெண் திரும்பி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் ஆட்டோ பிடித்து வந்து, ஒவ்வொரு லோடு கொட்டும்போதும் நின்று பார்த்தாள். "கண்ணால பாத்துட்டேன்க்கா. இனிமே வேற வூட்டுக்குப் போனா அங்க கீழ இன்னா கீதோன்னு தான் தோணும். இங்கயாச்சும் தெரியும்" என்றாள். அவளுடைய சின்னவள் மட்டும் இன்னமும் கூடத்தின் நடுவில் கால் வைப்பதில்லை. சுவரை ஒட்டியே நடந்து சமையலறைக்குப் போகிறாள்.

விஷயம் தெருவில் பரவியதும், வீட்டுக்கு வீடு உலக்கையையும் சுத்தியலையும் வைத்துத் தரையைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். சந்துக்குள் நடந்தால் இரண்டு பக்கமும் ஒரே தட்டும் சத்தம். இன்னும் இரண்டு வீடுகளில் கிணறு அகப்பட்டது. ஒன்று சாமி படத்துக்கு நேர் கீழே. எதிர்வீட்டில் தனியாக இருக்கும் மீன்கார அம்மாவிடம், "உங்க வீட்லயும் ஒரு தடவை தட்டிப் பாக்கச் சொல்லட்டுமா? மேஸ்திரி இங்கதான் இருக்காரு" என்றேன்.

கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தவள் வேகமாகத் தலையாட்டினாள். "வேணாம் கண்ணு. தட்டி, டொம்முன்னு கேட்டுச்சுன்னா, ராவுக்கு நான் எங்க போய்ப் படுப்பேன்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.