நூலக்காவும் தங்கையின் வேகனும்

நூலக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது யாரென்று தெரியாது. வைத்தவருக்குக் கண் நன்றாக இருந்திருக்கிறது. அவளுடைய பட்டறையில் சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்கும் அலைன்மென்ட் மெஷின் உண்டு. அது எல்லாம் சரி என்று பச்சை விளக்குக் காட்டிய பிறகும், வண்டியின் இரண்டு பக்கமும் நூலை இழுத்துக் கட்டி, எஃகு ஸ்கேலோடு மண்டிபோட்டு அளப்பாள். “மெஷின் பொய் சொல்லாது, அதை மாட்டின கை சொல்லும்” என்பாள். வளைவில் சொன்ன பேச்சுக் கேட்காத வண்டிகளை இருபத்திரண்டு வருடமாக வழிக்குக் கொண்டுவருகிறாள். டயரை உள்ளங்கையால் ஒருமுறை தடவினால் போதும், எந்தச் சக்கரம் எந்தப் பக்கம் கோணியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். தலைக்கனம் கொஞ்சம் உண்டுதான். இருந்துவிட்டுப் போகட்டுமே, வேலை அப்படி.

இப்பேர்ப்பட்டவளிடம் வண்டியைக் காட்டாத ஒரே ஆள் அவளுடைய கூடப்பிறந்த தங்கை. தங்கை மாட்டு டாக்டர். மலைமேல் இருக்கும் பண்ணைகளுக்குத் தினமும் போய்வர, நீளமான டிக்கியும் சீறிப் பாயும் இன்ஜினும் கொண்ட ஸ்டேஷன் வேகன் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கியிருந்தாள். சர்வீஸ் எல்லாம் ஷோரூமில்தான். “உனக்கு எதுக்குக்கா வீண் சிரமம்?” என்பாள். அக்கா சிரித்துக்கொள்வாள், உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும்.

அந்தத் தங்கை ஒரு வியாழக்கிழமை வண்டியோடு பட்டறை வாசலில் வந்து நின்றாள். “மலையில அந்தப் பெரிய வளைவு இருக்கே, அங்க ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் மூக்கு திரும்ப மாட்டேங்குதுக்கா. நேரா பள்ளத்தைப் பாத்துப் போகுது. ஷோரூம்ல நல்லாத்தான் இருக்குன்னு அனுப்பிட்டாங்க. வித்துடுன்னு வீட்டுக்காரர் ஒத்தக்கால்ல நிக்கிறார், திங்கக்கிழமை வாங்கற ஆளைக் கூட்டிட்டு வர்றாராம்.”

நூலக்கா வேறு வண்டி எதையும் தொடவில்லை, இந்த வண்டியை வேறெவரையும் தொடவிடவுமில்லை. டிக்கியிலிருந்த மருந்துப் பெட்டிகள், ஆக்சிஜன் சிலிண்டர், இரும்புக் கருவிகள் எல்லாவற்றையும் இறக்கி அலமாரியில் அடுக்கினாள். அலைன்மென்ட் பார்க்க வண்டி காலியாக இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எழுதாத சட்டம். சக்கரத்தைத் தாங்கும் மூட்டுகளில் தேய்ந்திருந்த ரப்பர் புஷ்களை மாற்றினாள். முன்சக்கரங்களின் தலையை அரை டிகிரி உள்பக்கம் சாய்த்தாள். வளைவில் வண்டி சாய்வதைத் தடுக்கும் குறுக்குக் கம்பியைப் பின்பக்கம் தடிமனாகப் போட்டு, இருந்த இரண்டு துளைகளில் விறைப்பான துளையில் மாட்டினாள். அப்புறம் தானே ஓட்டிப் பார்த்தாள். நினைத்த மாத்திரத்தில் திரும்பியது. மாப்பிள்ளைக்கு ஃபோன் போட்டு நாலு வார்த்தை கேட்கலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. நல்லவேளை, போடவில்லை.

சாயங்காலமே வண்டியை எடுத்துப்போன தங்கை, மறுநாள் மத்தியானம் முகம் வெளுத்து வந்தாள். “பின்னாடி வழுக்கிட்டுப் போச்சு. வண்டி குறுக்கால நின்னுடுச்சு. எதிர்ல யாரும் வரல, தப்பிச்சேன். அவர் சொன்னது சரிதான்க்கா. நான் இங்க கொண்டு வந்திருக்கக் கூடாது.”

அந்தக் கடைசி வாக்கியம் நூலக்காவை அறைந்த மாதிரி இருந்தது. நேராகப் போய் டிக்கியைத் திறந்தாள். பெட்டி, சிலிண்டர், கருவி எல்லாம் பழையபடி உள்ளே ஏறியிருந்தன. வீட்டிலிருந்து எடை மெஷினைக் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொன்றாக நிறுத்தாள். நூற்று நாற்பத்தாறு கிலோ. அத்தனையையும் இறக்கிவைத்துவிட்டு, தங்கை ஒருநாளும் ஓட்டாத ஒரு காலி வண்டியைத்தான் அவள் சரிசெய்திருக்கிறாள்!

“தப்பு என்னுதுதான்டி. வண்டி மேல பழி போடாத, ஷோரூமையும் இழுக்காத. நாளைக்கு ஒருநாள் குடு” என்றாள். பட்டறையில் அவள் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. தங்கை சாவியைக் கொடுத்தாள்.

சனிக்கிழமை வேலை தலைகீழாக நடந்தது. நூற்று நாற்பத்தாறு கிலோவும் டிக்கியிலேயே இருந்தது. தங்கையையே டிரைவர் சீட்டில் உட்காரவைத்தாள். “நான் எதுக்குக்கா? வேலை கிடக்கு.” “உன் எடையும் எடைதானே? பேசாம உக்காரு. அசையாத!” பாரத்தில் தொய்ந்த பின்பக்கத்துக்கு ஒரு படி கெட்டியான ஸ்பிரிங் போட்டாள். குறுக்குக் கம்பியை இளக்கமான துளைக்கு மாற்றினாள். பின்சக்கரங்களை மயிரிழை அளவு உள்நோக்கித் திருப்பினாள். பின் டயர்களில் காற்றைக் கூட்டினாள். நூலைக் கட்டி மூன்று தடவை அளந்தாள். அதுவரை மூன்று மணி நேரம் டாக்டரம்மா சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவருமாக மலையேறினார்கள். தங்கை ஓட்டினாள், நூலக்கா பக்கத்தில். முதல் இரண்டு திருப்பங்களில் தங்கையின் விரல்கள் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன. அப்புறம் ஏதோ ஒரு பண்ணைக்காரர் ஞாபகம் வந்துவிட்டது. பசுவுக்குக் காய்ச்சல் என்று கூப்பிட்டுவிட்டுத் தன் முழங்கால் வலிக்கு மருந்து கேட்டவராம் அவர். அவர் கேட்டதை அவரைப்போலவே முகத்தைக் கோணிக்கொண்டு நடித்துக் காட்டி, தான் கொடுத்த பதிலையும் சொன்னாள். பெரிய வளைவு வந்தது. நூலக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மூக்கு உள்ளே திரும்பியது, பின்பக்கம் அடக்கமாகத் தொடர்ந்தது, டயர் ஒரு முனகல்கூட முனகவில்லை. தங்கை பேச்சை நிறுத்தவில்லை.

கதையை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “இரு அக்கா, இனி பேச்சு வேணாம். அந்தப் பெரிய வளைவு வரப்போகுது.”

“அது தாண்டி ரெண்டு கிலோமீட்டர் ஆச்சுடி” என்றாள் நூலக்கா. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பேர் அவளைப் பாராட்டியிருக்கிறார்கள். இந்த அளவுக்கு நெஞ்சு நிமிர்ந்ததில்லை.