எலி பிடித்த அக்தோஷ்

எங்கள் மலைநாட்டு அலாய்ப் பள்ளத்தாக்கில் மனைவி கணவன் பெயரைச் சொல்வதில்லை. அதனால் எங்கள் வீட்டில் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டது நாயை மட்டும்தான்: அக்தோஷ். எர்கெஷ் என்று என் கணவர் பெயரை எழுத இப்போதும் கை தயங்குகிறது.

எர்கெஷ் ஆடு மேய்த்தவர். எதையும் பிரித்துப் பார்க்க வேண்டும் அவருக்கு. ஆடு அறுத்தால் ஈரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நீர்க்கொப்புளம் இருந்தால் ஆழமாகக் குழி தோண்டிப் புதைப்பார். அதைத் தின்னும் நாயால் மனிதனுக்கு நோய் வரும் என்பது அவர் அப்பா காலத்திலேயே ஊர் அறிந்தது. "என் நாய் பச்சைக் குடல மோந்துகூடப் பாத்ததில்ல" என்று விருந்தாளிகளிடம் பெருமையடிப்பார். அதே அக்தோஷ் வயலில் எலி பிடித்து விழுங்கினால், வைக்கோலைக் காத்த வீரன் என்று கழுத்தைக் கட்டிக்கொள்வார். அந்தக் கையாலேயே ரொட்டியைப் பிய்த்து எல்லோருக்கும் வைப்பார்.

ஓர் அறுவடைக் காலத்தில், வலது விலாவுக்குக் கீழே கனக்கிறது என்றார். ஓஷ் நகர மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். புற்றுநோய் என்று பயந்தோம். ஜில்தீஸ் என்ற இளம் டாக்டரம்மா, இது புழு என்றார். ஆட்டுக் கொப்புளப் புழுவின் பங்காளி. ஈரலில் வேர்போலப் பரவும். பள்ளியில் உயிரியல் நடத்தும் எனக்கே அது புதிது. அறுத்தெடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது, மாத்திரையால் வேகத்தைக் குறைக்கலாம் என்றார். முன்பு எப்போதாவது ஒருவர் வருவாராம். இப்போது எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து வந்துகொண்டே இருக்கிறார்களாம்.

எர்கெஷ் தன் குழிகளைப் பற்றி விளக்கினார். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க நாய் எலி பிடிக்குமாண்ணே?" என்றார்.

எலியைத் தின்ற நாயின் குடலில் புழு வளரும், அதன் முட்டை நாயின் ரோமத்தில் ஒட்டி நம் கைக்கு வரும் என்று விளக்கினார். எர்கெஷுக்குக் கேள்வி மேல் கேள்வி. எலிக்கு எப்படி வந்தது? நரி, நாய் இவற்றின் கழிவிலிருந்து. ஏன் இப்போது? டாக்டரம்மாவுக்கும் உறுதியாகத் தெரியவில்லை; ஊர் ஊராக நாய்க்கு மருந்து கொடுத்த காலம் போனதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். புழு பத்து வருடம்கூடச் சத்தமில்லாமல் உள்ளே இருக்கும் என்றதும் எர்கெஷ் நிமிர்ந்தார். அக்தோஷ் இன்னும் இளம் நாய்; புழு அது பிறக்கும் முன்பே வந்திருக்கலாம்.

ஊருக்கு எங்களுக்கு முன்பே செய்தி போயிருந்தது. அவருடைய பால்ய நண்பர், பக்கத்து வீட்டு ஓர்மோன், துப்பாக்கியோடு வாசலில் நின்றார்.

"நீ உள்ள போ. நான் முடிச்சுடறேன். எனக்கும் பேரப்புள்ளைங்க இருக்குடா."

"உன் குறி தெரியாதா? நாயச் சுட்டா என் மாடு விழும்," என்றார் எர்கெஷ். "நாளைக்கு வரைக்கும் பொறு."

மறுநாள் மேட்டுச் சரிவில் பொறி வைத்து எலிகள் பிடித்தார். என் பள்ளிக் கையுறையைப் போட்டுக்கொண்டு ஒரு பலகையில் அறுத்தார். பெரும்பாலான ஈரல்கள் சுத்தமாக இருந்தன. ஒன்றில் மட்டும் ரவை சிந்தியதுபோல வெள்ளைப் புள்ளிகள். ஓர்மோனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அக்தோஷ் அந்தச் சரிவுக்குப் போனதே இல்ல. நரிதான் வரும். இவனச் சுட்டா நரி நின்னுடுமா?"

ஓர்மோன் குனிந்து பார்த்தார். "என் நாய்ங்களும் எலி தின்னுதுங்கடா," என்றார் மெல்ல. துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

டாக்டரம்மா சொன்னபடி மாதாமாதம் நாய்க்கும் மாத்திரை வந்தது. "வாத்தியாரம்மா, மாத்திக் குடுத்துடாத. நான் குரைக்க ஆரம்பிச்சிருவேன்" என்பார் எர்கெஷ்.

இந்த வசந்தத்தில், பனி உருகுமுன் போய்விட்டார்.

ஓர்மோன் மாதம் தவறாமல் வருகிறார். ஆட்டு வால் கொழுப்பில் மாத்திரையைப் பொதிந்து முதலில் அக்தோஷுக்கு, பிறகு தன் நாய்களுக்கு. போன முறை கொழுப்புப் பிசுக்கு ஒட்டிய கையோடு நின்று, "தங்கச்சி, எலி அறுத்த அன்னைக்கு எர்கெஷ் ஒண்ணு கேட்டான்," என்றார். "விலாவத் தொட்டுக் காட்டி, இது உள்ள வளரும்போது எலிக்கும் இந்த இடத்துலதான் வலிக்குமான்னு. நான் சிரிச்சுட்டேன்."

ஓர்மோனுக்குச் சோப்புக் கொடுத்து, கைகழுவ நீர் ஊற்றினேன். அக்தோஷ் இன்னும் கொழுப்பு கிடைக்குமா என்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.