தானாக ஓடிய மோட்டார்

ஜெசிந்தாவுக்குச் சொந்த ஊர் முகையூர். அப்பா ராயப்பன் கரும்பு வெட்டப் போனவர், அம்மா ஜெயம் களை எடுக்கப் போனவள். ஒரே பெண் என்பதால் வயலுக்கு அனுப்பாமல் படிக்க வைத்தார்கள். விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் பட்டம் வாங்கினாள். வாங்கிய கையோடு சென்னைக்குப் போய் மூன்று கம்பெனிகளில் இன்டர்வியூவுக்கு உட்கார்ந்து பார்த்தாள். வட்டமாக உட்கார வைத்து இங்கிலீஷில் பேசச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கி அவள் வாயைத் திறப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். நாலாவது கம்பெனிக்கு அவள் போகவில்லை.

கடைசியில் திண்டிவனத்தில், செஞ்சி ரோட்டு மாடி ஒன்றில் இருந்த சின்ன கம்பெனியில் வேலை கிடைத்தது. அப்பா இறந்த பிறகு அம்மாவை அழைத்துக்கொண்டு விழுப்புரத்தில் வாடகைக்குக் குடிவந்து, தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து நின்றது. மூன்றாவது முறை யாரும் பேச்செடுக்கவில்லை.

கம்பெனி செய்தது விவசாய மோட்டாருக்கான பெட்டி. வீட்டிலிருந்தே போனில் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் வயலில் மோட்டார் ஓடும்; அதற்காகப் பெட்டிக்குள் இருக்கும் சிம் செல்போன் டவரோடு எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால், முன்பு ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைப் பெட்டியே மறுபடி ஓட்டிவிடும். நிறுத்தியிருந்த மோட்டாரை ஓட்டாது. இதையெல்லாம் பார்த்துக்கொள்வது உள்ளே இருக்கும் ஒரு சில்லும், லுவா என்ற சின்ன மொழியில் எழுதிய புரோகிராமும்தான். எழுதியவன் எப்போதோ பெங்களூர் போய்விட்டான். புகாராகத் திரும்பி வரும் பெட்டிகளைப் பிரித்துப் பார்ப்பது ஜெசிந்தாவின் வேலை.

அதற்கு அவளிடம் ஒரு டிபக்கர், புரோகிராமில் தப்பைத் தேடும் கருவி, இருந்தது. படமோ பட்டனோ இல்லாத கறுப்புத் திரை. எல்லாவற்றையும் தட்டச்சு செய்துதான் சொல்ல வேண்டும். இந்த வரிக்கு வந்ததும் நில் என்றால் புரோகிராம் அங்கே நிற்கும். நின்ற இடத்தில் எந்தப் பெயருக்குள் என்ன மதிப்பு இருக்கிறது என்று கேட்டால் காட்டும். அடுத்த வரிக்குப் போ என்றால் ஒரே ஒரு வரி நகர்ந்து மறுபடியும் நிற்கும். ஜெசிந்தாவுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அங்கே யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன், புரட்டாசியில், திருவாமாத்தூருக்கு அப்பால் ஒரு ஊரிலிருந்து ஒரு பெட்டி வந்தது. 'தானா ஓடுது' என்று மேலே பேனாவில் எழுதியிருந்தது. கொண்டு வந்த டீலர்தான் நடந்ததைச் சொன்னார். ராஜாமணி என்பவர் நிலத்தில் கம்ப்ரசர் போர்; மோட்டார் பெல்ட் வழியாகக் கம்ப்ரசரைச் சுற்ற, அதன் காற்று ஆழ்குழாயிலிருந்து தண்ணீரை மேலே தள்ளும். அங்கே கூலிவேலை பார்க்கிற அப்பாதுரை, பெல்ட் கழன்றதும் பெட்டியில் சிவப்புப் பட்டனை அமுக்கி மோட்டாரை நிறுத்தியிருக்கிறார். அதே சமயம் கரண்டும் போயிருக்கிறது. குந்தி உட்கார்ந்து பெல்ட்டைச் சக்கரத்தில் மாட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் வந்தது. மோட்டார் ஓடிவிட்டது. வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

பட்டனை அமுக்கியிருந்தால் மோட்டார் ஓடியிருக்காது, அவன் அமுக்கவில்லை என்று ராஜாமணி சொன்னாராம். ஊரும் அதையே சொன்னது. கம்பெனி முதலாளி ஜெகதீசனும் அதைத்தான் சொன்னார். ஆனாலும் ஒருமுறை பார்த்துவிடச் சொன்னார். கெட்ட மனுஷர் இல்லை அவர். புகார் வந்தால் பார்க்கச் சொல்லுவார், பார்த்து ஒன்றுமில்லை என்றால் நிம்மதியாகிவிடுவார்.

ஜெசிந்தா பெட்டியை லேப்டாப்பில் மாட்டினாள். பட்டனை அமுக்கினாள், கரண்டைப் பிடுங்கினாள், திரும்பக் கொடுத்தாள். மோட்டார் இருக்க வேண்டிய இடத்தில் அவள் வைத்திருந்த பல்பு எரியவில்லை. மறுநாளும் எரியவில்லை. மற்ற வேலைகளுக்கு நடுவே, கார்த்திகை வரைக்கும் அதையே செய்தாள். முந்திச் செய்தாள், பிந்திச் செய்தாள், டவர் சிக்னலை அறுத்துச் செய்தாள். பெட்டி ஒழுங்காகவே நடந்துகொண்டது.

பிறகு ஒருநாள் புரோகிராமை நடுவில் நிறுத்திப் பார்த்தாள். மோட்டார் ஓடுகிறதா நிற்கிறதா என்பதை நினைவில் எழுதும் வரியில் நிறுத்திவைத்து, சிவப்புப் பட்டனை அமுக்கினாள். ஒரு வரி நகர்த்தி மதிப்பைக் கேட்டாள். 'நிற்கிறது' என்று காட்டியது. இன்னும் ஒரு வரி. டவரிலிருந்து அப்போதுதான் பதில் வந்திருக்க வேண்டும், புரோகிராம் வேறொரு இடத்துக்குத் தாவித் திரும்பியது. மறுபடி கேட்டாள். 'ஓடுகிறது' என்று காட்டியது. பட்டனை அமுக்கியதை அது மறந்துவிட்டிருந்தது. கரண்டை எடுத்துக் கொடுத்தாள். பல்பு எரிந்தது.

அவள் எழுந்து போய் ஜெகதீசனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் எதிரில் மறுபடியும் முதலிலிருந்து செய்தாள். அதே வரியில் நிறுத்தினாள், அதே பட்டனை அமுக்கினாள். 'நிற்கிறது' என்றே காட்டியது. பல்பு எரியவில்லை. சாயங்காலம் வரைக்கும் செய்தாள். ஜெகதீசன் நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஜெசிந்தா, நீ பார்த்தேன்னு சொல்றத நான் நம்பறேன்" என்றார் கடைசியில். "ஆனா அது பெட்டியோட தப்பா, நீ நடுவுல நிறுத்தினதால வந்த தப்பா? வயல்ல யாரு அத நிறுத்திக்கினு உக்காந்திருந்தாங்க?"

அந்தக் கேள்வி அவளுக்கும் இருந்தது. ஓடும் புரோகிராமை நிறுத்தினால் வெளியுலகம் நிற்பதில்லை. டவர் பதில் அனுப்பிக்கொண்டேதான் இருக்கும், எல்லாம் வந்து வாசலில் குவியும், விட்டவுடன் முண்டிக்கொண்டு நுழையும். முறை மாறத்தான் செய்யும். அவள் நிறுத்தியதே அந்தக் குழப்பத்தை உண்டாக்கியிருக்கலாம். இல்லையென்றால் அன்றைக்கு வயலில், கண்ணிமைக்கும் நேரத்தில், தானாகவே அப்படி நடந்திருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். நிறுத்தினால் அது காட்டுவதை நம்ப முடியாது.

பழுதில்லை என்று எழுதிப் பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னார் ஜெகதீசன். ஆனால் புதிதாகச் செய்யும் பெட்டிகளில், கரண்ட் வந்ததும் மோட்டாரைத் தானாக ஓட்டாமல், யாராவது மறுபடி பச்சைப் பட்டனை அமுக்கினாலோ மிஸ்டு கால் கொடுத்தாலோ மட்டும் ஓட்டும்படி நாலு வரி சேர்த்துக்கொள்ளச் சொன்னார். ஏன் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. திரும்பிப் போகும் பெட்டியிலும் யாரையும் கேட்காமல் அந்த நாலு வரியை ஏற்றிவிட்டாள் ஜெசிந்தா.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மாவிடம் கடைக்கு என்று சொல்லிவிட்டுத் திருவாமாத்தூர் பஸ் ஏறினாள். அங்கிருந்து விசாரித்துக்கொண்டே நடந்தாள். அப்பாதுரை வீட்டு வாசலில் மல்லாட்டை, வேர்க்கடலைதான், காயப்போட்டிருந்தது. அவர் இடது கையில் குச்சி வைத்துக்கொண்டு கோழி விரட்டிக்கொண்டிருந்தார். வலது கை துண்டுக்குள் இருந்தது. பெட்டிக் கம்பெனியிலிருந்து வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் அவர் மனைவி சின்னபொண்ணு உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றாள்.

"சிவப்பு பட்டன அமுக்கினீங்களாண்ணே?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

அப்பாதுரை ஒரு கோழியை விரட்டிவிட்டுத் திரும்பினார். "அமுக்கினேன்னுதாம்மா நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். "ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருந்தப்பகூட அப்பிடித்தான் சொன்னேன். வர்றவன் போறவன்லாம் நீ அமுக்கலடா, அமுக்கலடான்னு சொல்லி, இப்ப எனக்கே தெரியல. அமுக்கலயோ இன்னாவோ."

மெயின் சுவிட்சை இறக்கியிருக்கலாமே என்று கேட்கத்தான் நினைத்தாள். அவரே சொன்னார். மெயின் இருக்கும் கொட்டகையை ராஜாமணி பூட்டிவைப்பது வழக்கமாம். சாவி அவர் வீட்டில் இருக்குமாம்.

ஜெசிந்தா தான் பார்த்ததைச் சொன்னாள். வரி, மதிப்பு என்றெல்லாம் சொல்லாமல், பட்டனை அமுக்கினதைப் பெட்டி ஒருமுறை மறந்துபோனதைக் கண்ணால் பார்த்தேன் என்று மட்டும் சொன்னாள். அப்பாதுரையின் முகத்தில் ஏதோ அசைந்தது. குச்சியைக் கீழே வைத்தார்.

"அத ராஜாமணி கிட்ட காட்ட முடியுமாம்மா?"

"முடியாதுண்ணே. ஒரு தடவதான் வந்துது. அப்பறம் வரல."

கோழிகள் மல்லாட்டைக்குள் இறங்கின, யாரும் விரட்டவில்லை. பிறகு சின்னபொண்ணு கேட்டாள், கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவள்போல.

"அப்ப எதுக்கும்மா வந்தே?"

அவர் மேல் தப்பில்லை என்று சொல்ல வந்தேன் என்று ஜெசிந்தா சொல்லியிருக்கலாம். ஆனால் அதை உறுதியாகச் சொல்லவும் அவளால் முடியாது. அப்பாதுரைதான் பேச்சை முடித்தார். ராஜாமணி தன்னை மாடு பார்த்துக்கொள்ள வைத்திருக்கிறாராம், மோட்டார் வேலையைச் சின்னபொண்ணுவே செய்கிறாளாம். இதையெல்லாம் அவர் காதில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கிளம்பும்போது சின்னபொண்ணு ஒரு பையில் கொஞ்சம் மல்லாட்டை போட்டுக் கொடுத்தாள். ஜெசிந்தா அதை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

புதுப் பெட்டிகள் போய்க்கொண்டிருந்தன. பழைய பெட்டிகள் வயல்களிலேயே இருந்தன. அவற்றை மாற்ற வேண்டுமென்றால் ஊர் ஊராகப் போய் ஒவ்வொன்றையும் கழற்ற வேண்டும். வாங்கியவர்களுக்குத் தகவலாவது சொல்லலாமா என்று ஜெகதீசனிடம் கேட்டாள். இல்லாத தப்பை ஒத்துக்கொள்வதாக ஆகிவிடும் என்றார் அவர்.

அவள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படிக்குக் கீழே நின்று தன் போனிலேயே பழைய பெட்டி வாங்கியவர்களைக் கூப்பிட ஆரம்பித்தாள். பாதிப் பேர் எடுக்கவில்லை. எடுத்தவர்கள் பெட்டி நல்லா ஓடுது என்றார்கள். விக்கிரவாண்டிப் பக்கம் ஒருவர், புதுப் பெட்டி விற்கத்தானே பயம் காட்டுகிறாய் என்று கேட்டார். இல்லைங்க, பெல்ட்டில் கை வைப்பதற்கு முன்னால் மெயினை இறக்கிவிடுங்கள், பட்டனை நம்பாதீர்கள் என்றாள். அது எங்களுக்குத் தெரியாதா என்று அவர் வைத்துவிட்டார்.

யாரோ டீலரிடம் சொல்ல, டீலர் ஜெகதீசனிடம் சொன்னார். அவர் திட்டவில்லை. இனிமேல் வேண்டாம்மா என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு பேருக்குப் பேசினாள். தை பிறந்ததும் புகாராகத் திரும்பி வந்த பெட்டிகள் மேஜையில் குவிந்துவிட்டன. அவர்களைக் கூப்பிட்டுப் பேசுவதை விட்டுவிட்டாள்.