தெற்கு பார்த்த வண்டி

கார்டு முப்பத்தொரு வருடம் சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து போனவர். இன்ஜின் டிரைவர் வரப்போகும் ஊரைப் பார்ப்பார். இவர் போய்விட்ட ஊரைப் பார்ப்பார். அப்படி ஒரு வேலை மனிதனைத் தத்துவஞானி ஆக்கிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. கார்டை அது பிடிவாதக்காரராக ஆக்கியது, அவ்வளவே. நடந்து முடிந்ததை மட்டுமே பார்த்துப் பழகியவருக்கு, நடந்ததெல்லாம் சரியாகத்தான் நடந்தது என்று தோன்றிவிடும் போலும். அவர் எழுதிய பயண அறிக்கைகளில் தாமதத்துக்கு மழை காரணமாக இருந்திருக்கிறது, மாடு காரணமாக இருந்திருக்கிறது, ஒருமுறை காற்றில் பறந்து வந்த தார்ப்பாய் காரணமாக இருந்திருக்கிறது. கார்டு காரணமாக இருந்ததாக ஒரு வரி கிடையாது.

அவர் மனைவி அடைபட்டது வேறு மாதிரி. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் எக்ஸ்ரே அறை. ஈயத் தகடு பதித்த கதவு. ஜன்னல் என்ற பேச்சுக்கே இடமில்லை. இருபத்தொன்பது வருடம் அங்கே நின்று, வந்தவர்களிடமெல்லாம் “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்றும் பிறகு “விடலாம்” என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டையும் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கார்டோடு சண்டை முற்றும் நேரத்தில் “மூச்சைப் பிடிங்க” என்பார். அதன் பிறகு சாப்பாடு உண்டு, காப்பி உண்டு, பக்கத்து வீட்டு வம்புகூட உண்டு. அந்த விஷயம் மட்டும் கிடையாது. மனம் ஆறியதும் “விடலாம்” என்பார், அதோடு சரி. இரண்டுக்கும் நடுவே அதிகபட்ச இடைவெளி பதினோரு நாள். தம்பி கட்டிய புது வீட்டில் நின்றுகொண்டு, வாசல் கதவு கோணல் என்று கார்டு சொன்னபோது வந்த இடைவெளி அது.

இருவரும் ஒரே வருடத்தில் ஓய்வு பெற்றார்கள். கார்டுக்கு நகராத வீட்டில் உட்கார முடியவில்லை. சாலை முடிந்த பிறகும் போகக்கூடிய கேரவன் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார்: உயரமான அடிப்பாகம், பல் வைத்த பெரிய டயர்கள், ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுப்பது. கடைசிப் பெட்டியை அவர் விட்டாலும் அது அவரை விடவில்லை. மனைவி மறுக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். சமையல் மேடைக்கு நேர் மேலே ஒரு ஜன்னல் வேண்டும். வெங்காயம் நறுக்கும்போது நிமிர்ந்தால் தண்ணீரோ மலையோ தெரிய வேண்டும்.

“கட்டில் குட்டையா இருந்தாலும் பரவாயில்லங்க. கால மடக்கிக்கலாம். ஜன்னல் மட்டும் மறந்துடாதீங்க.”

கார்டு மறக்கவில்லை. நான்கடி அகல ஜன்னலைத் தன் கையாலேயே வரைந்தார்.

கேரவன் தெருவுக்கு வந்த அன்று, உள்ளே எந்த நடிகர் இருக்கிறார் என்று நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். சாலையே இல்லாத இடத்தில் மின்கம்பம் எப்படி இருக்கும்? ஆகவே சோலார். மூன்று தகடுகள், ஒரு லித்தியம் பேட்டரி, மின்சாரம் எவ்வளவு இருக்கிறது என்று சதவீதத்தில் காட்டி, குறைந்தால் கீச்கீச்சென்று கத்தும் ஒரு பெட்டி. தகடுகளைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை மனைவியின் தம்பி செய்து தருவதாகச் சொன்னார். கதவு கோணலான அதே தம்பி. தொழில் வெல்டிங், மச்சான் என்று கார்டு கூப்பிட, பட்டறைத் தெருவுக்கே அவர் மச்சான்.

பட்டறை முற்றத்தில் கேரவன் நின்றது. தகடுகள் தெற்கு பார்த்து நாற்பது டிகிரி சாய்ந்திருக்க வேண்டும் என்று தகடுகளோடு வந்த வெளிநாட்டுப் புத்தகம் சொன்னது. கார்டு திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்து தெற்கைக் கண்டுபிடித்தார். சந்தேகம் வரக்கூடாது என்று அந்தப் பக்கத்துச் சுவரில் பெயின்டால் ‘தெ’ என்று எழுதினார். சட்டம் சுவரைப் பார்த்துச் சாய்ந்தது. போல்ட் போட்டு முடுக்கலாமா என்று கார்டு கேட்டார். மச்சானுக்குப் போல்ட்டில் நம்பிக்கை இல்லை.

“போல்ட்டுன்னா என்னைக்காவது கழலும் மாமா. வெல்டிங் வச்சா நாம போனாலும் அது நிக்கும்.”

வைத்தார். மோசமான வேலை என்று சொல்ல முடியாது. மோசமாக இருந்திருந்தால் எல்லோருக்கும் நன்மையாக முடிந்திருக்கும்.

வெயில் சமைப்பவர் முகத்தில் அடிக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் ஜன்னலை எதிர்ப்பக்கம் வெட்டினார்கள். மூன்று பேரும் அன்று முழுக்க அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அதற்குச் சக்கரம் இருப்பது மூன்று பேருக்கும் தெரியும். டயர் மாற்றியதே முந்தின நாள்தான். வீட்டுக்குத் தெற்கு உண்டு, சுவருக்குத் தெற்கு உண்டு. வண்டிக்கு ஏது தெற்கு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் பயணம் ஒரு ஆற்றங்கரைக்கு. ஜீப்பை மனைவி ஓட்டினார். வேகம் ஐம்பதைத் தொட்டதும் கூரைச் சட்டத்துக்குள் காற்று புகுந்து நீளமாக விசிலடித்தது. கார்டு தன்னையறியாமல் ஜீப் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, இல்லாத பச்சைக் கொடியை அசைத்தார். பின்னால் வந்த வண்டிகள் வழி கிடைத்ததாக நினைத்து ஒவ்வொன்றாக முந்திப் போயின. போகிற வழியெல்லாம் இதே கதை.

ஆறு அவர்கள் நின்ற கரைக்குத் தெற்குப் பக்கம் ஓடியது. ஜன்னல் ஆற்றைப் பார்க்கும்படி மனைவி வண்டியை நிறுத்தி, வெங்காயத்தை எடுத்தார். அரை மணியில் பெட்டி கத்தத் தொடங்கியது. கார்டு ஏணி வைத்துக் கூரைக்கு ஏறிப் பார்த்தார். மூன்று தகடுகளும், சாப்பாட்டில் குறை கண்ட சம்பந்தி மாதிரி, சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடக்கே பார்த்திருந்தன. கீழே இறங்கி, வண்டியைத் திருப்ப வேண்டும் என்றார். திருப்பினார்கள். பெட்டி அடங்கியது. ஜன்னலுக்கு வெளியே இப்போது பொதுக் கழிப்பறையின் பின்சுவர் இருந்தது. சுவரில் ஒரு அம்புக்குறி.

மனைவி அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டே மிச்ச வெங்காயத்தை நறுக்கினார். பிறகு அமைதியாகக் கேட்டார்: “என்னங்க, வண்டிக்குத் தெற்கு எதுங்க?”

கார்டு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தொடங்கினார். வேலையில் தவறு எதுவும் இல்லை. ஆற்றுக்கு இந்தக் கரையில் நிற்பதுதான் சிக்கல். அந்தக் கரையில் நின்றிருந்தால் ஆறும் ஜன்னலில் இருக்கும், வெயிலும் தகட்டில் இருக்கும். சொன்னது உண்மைதான். அந்தக் கரை முழுவதும் சிமென்ட் ஆலை என்பதும் உண்மை.

“மூச்சைப் பிடிங்க,” என்றார் மனைவி.

இரண்டாவது பயணம் மலைக்கு. பள்ளத்தாக்கு தெற்கே விரிந்து கிடந்தது. ஜன்னலுக்கு ஒரு பாறை கிடைத்தது. இரண்டு நாள் அந்தப் பாறையைப் பார்த்ததில் அதன் வெடிப்புகள் மனைவிக்கு மனப்பாடமாயின. எங்கே எலும்பு முறிந்திருக்கிறது என்று சொல்லுமளவுக்கு. கார்டு சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு மின்சாரமும் எங்கே போகிறது என்று மனைவி விசாரித்தார். குளிர்பெட்டியில் இருந்தது ஒரு தண்ணீர் பாட்டில். விளக்கு இரண்டு. மற்றபடி பேட்டரி சூடாகாமல் இருக்க ஒரு மின்விசிறி, சதவீதம் காட்டும் பெட்டி, அதைத் தூரத்திலிருந்து பார்க்க ஒரு போன், போனுக்குச் சார்ஜ்.

“அப்ப கரண்ட் இருக்கான்னு பார்க்கத்தான் கரண்ட்டு?”

கார்டு யோசித்தார். அவர் வேலை பார்த்த அலுவலகமும் கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்தது. அதனால் கேள்வியில் இருந்த குத்தல் அவருக்கு எட்டவில்லை. அப்படியும் சொல்லலாம் என்றார்.

ஊர் திரும்பியதும் மச்சான் சட்டத்தை அறுத்துத் தருவதாகச் சொன்னார். அக்காவின் முகம் அவரை அப்படிச் சொல்ல வைத்தது. கார்டு மறுத்துவிட்டார். நல்ல வேலையை எதற்கு அறுக்க வேண்டும் என்று கேட்டார். மச்சானின் வேலையை அவர் நல்ல வேலை என்று சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை, மச்சான் பயந்துபோனார். அறுத்தால் அறுத்த இடம் தெரியும். அறுத்த இடத்தைப் பார்க்கிறவன் ஏன் என்று கேட்பான். கார்டின் கணக்கு அதுவரை போயிருந்தது. பதினோரு நாள் சாதனை எப்போதோ முறிந்து, அறுபது நாளைத் தாண்டிக்கொண்டிருந்தது. அந்த இன்னொரு சொல் வரவில்லை. கார்டு சாப்பிட்டார், உறங்கினார். ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ இழுத்துப் பிடித்தபடியே இருந்தது.

மூன்றாவது பயணம் ஏரிக்கு. ஏரி தெற்கே இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மேடு பள்ளமான பாதையில் ஆறு மணி நேரம் குலுங்கிப் போய், மனைவி மறுபேச்சில்லாமல் தகடுகள் தெற்கு பார்க்க வண்டியை நிறுத்தினார். பெட்டி திருப்தியாக இருந்தது. ஜன்னலில் முள்புதர். பிறகு அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து போர்வை சுற்றிய நீளமான ஒன்றை இழுத்தார். படுக்கையறை பீரோக் கதவின் ஆளுயரக் கண்ணாடி. வீட்டில் எப்போது கழற்றினார், எப்போது ஏற்றினார் என்று கார்டுக்குத் தெரியாது. பீரோவைத் திறக்கிற பழக்கம் அவருக்கு இருந்ததில்லை.

மனைவி கண்ணாடியைப் புதர் ஓரம் கொண்டுபோய், வண்டியின் மூலைக்கு அப்பால் கோணலாக இரண்டு கொம்புகளுக்கு நடுவே கட்டினார். உள்ளே வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். வெளியே போய் இரண்டு விரல் திருப்பினார். கோணம் அவருடைய தொழில். முழங்கால் மூட்டை எந்தச் சாய்வில் படம் எடுத்தால் எது தெரியும் என்று பார்த்த கை அது. மூன்றாம் தடவையில் ஏரி வந்தது. இடம் வலமாக மாறிய ஏரி. அதுவும் அவருக்குப் பழக்கம்தான். எக்ஸ்ரே படத்தில் எந்தப் பக்கம் எது என்று குழம்பாமலிருக்க வைக்கும் ‘எல்’, ‘ஆர்’ என்ற இரண்டு ஈய எழுத்துகளை ஓய்வு பெற்ற அன்று அவர் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவற்றைக் கண்ணாடியின் இரு மூலைகளிலும் ஒட்டினார்.

அன்று மதியம் வெங்காயம் நறுக்கும்போது நிமிர்ந்து பார்த்தார். தண்ணீர் இருந்தது. ஓரத்தில் வண்டியின் கூரைமேல் கார்டும் இருந்தார், குந்தி உட்கார்ந்து தகட்டுத் தூசியை வேட்டித் துணியால் துடைத்துக்கொண்டு. கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது.

மாலையில் வெயில் சாய்ந்தது, காற்று எழுந்தது, கண்ணாடி ஆடியது. கொஞ்ச நேரத்தில் ஏரியின் அக்கரையிலிருந்து ஒரு மோட்டார் படகு சீறிக்கொண்டு வந்தது. வனக் காவலர் ஒருவர் மீட்புக் கயிறும் முதலுதவிப் பெட்டியுமாகக் குதித்து ஓடிவந்து, யாருக்கு என்ன ஆபத்து என்று மூச்சிரைக்கக் கேட்டார். மூன்று மூன்று தடவையாக வெளிச்சம் அடித்துக் காப்பாற்றச் சொன்னது யார்?

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூவரும் கண்ணாடியைப் பார்த்தார்கள்.

மனைவி அவரை உள்ளே உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். காவலர் ஜன்னல் வழியே, தான் இப்போதுதான் கடந்து வந்த ஏரியைக் கண்ணாடியில் பார்த்தார். அவர் கெட்டிக்காரர் என்று சொல்வதற்கில்லை; பழகாதவர், அதனால் கேட்டார். வண்டியைத் திருப்பி நிறுத்தினால் ஜன்னலிலேயே ஏரி தெரியுமே? கார்டு நாற்பது டிகிரியிலிருந்து ஆரம்பித்து, போல்ட்டைத் தொட்டு, சதவீதத்தில் முடித்தார். காப்பி ஆறிப்போனது.

“சரிங்க சார். கதவைத் திறந்து வெளியில நாற்காலி போட்டு உட்கார்ந்தா?”

பதில் மனைவியிடமிருந்து வந்தது. “வெளியில இருக்கிறது எல்லாரோட ஏரி தம்பி. நான் கேட்டது என் ஜன்னல்ல.”

காவலருக்குப் புரிந்ததோ இல்லையோ, தலையாட்டினார். ஆனால் படகை எடுத்தால் காரணம் எழுதியாக வேண்டும். நோட்டைப் பிரித்துவிட்டு, என்ன எழுதுவது என்று விழித்தார். கார்டின் கை தானாக நீண்டது. அறிக்கை எழுதி எவ்வளவு நாளாயிற்று. பேனாவை வாங்கினார்.

‘காற்று’ என்று எழுதினார். அடித்தார். ‘கண்ணாடி’ என்று எழுதினார். அதையும் அடித்தார். மனைவி அவர் பக்கம் திரும்பாமல் ஜன்னலைப் பார்த்தபடி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். வெளியே கண்ணாடியில் ஏரி மெல்ல ஆடியது. பெட்டியில் எண்பத்தேழு சதவீதம். கார்டு வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, நோட்டைத் தள்ளினார்.

காவலர் சரிபார்ப்பதற்காக உரக்க வாசித்தார்: “சிக்னலில் பிழை இல்லை. வண்டியின் தெற்கில் பிழை. பிழை கார்டுடையது.” நிமிர்ந்து, “கார்டுங்கிறது யாருங்க?” என்று கேட்டார்.

“நான்தான்.”

குழாய் நின்றது. மனைவி கையைத் துடைத்துக்கொண்டார்.

“விடலாம்,” என்றார்.

படகைத்தான் சொல்கிறார் என்று நினைத்த காவலர், நன்றி சொல்லித் தொப்பியை எடுத்துக்கொண்டு கரைக்கு இறங்கிக் கயிற்றை அவிழ்த்தார். கார்டு அறுபத்தெட்டு நாள் மூச்சை மெல்ல வெளியே விட்டார். கண்ணாடியில் படகு ‘எல்’ பக்கமாகப் போய் மறைவதை இருவரும் பார்த்தார்கள். நிஜத்தில் அது ‘ஆர்’ பக்கம் போனது.