ஆறு மாதம் ஓட்டிப் பார்த்துச் சொன்ன அலமேலு அக்கா

அலமேலு அக்காவின் கணவர் சேட்டு மாமா கூப்பிட்டபோது நான் கடையில் ஒரு போனின் சார்ஜிங் பின்னைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "மச்சான், உங்கக்கா பூட்டாடா" என்றார். திருப்பத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். பின்னால் யாரோ யாரையோ வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டுவது கேட்டது. "சரி மாமா" என்றேன். கையிலிருந்த போனை மாட்டி முடித்து, சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்து, உரியவரிடம் கொடுத்துவிட்டுத்தான் கடையை மூடினேன்.

அலமேலு அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. சிறுவயதில் வந்த ஒரு காய்ச்சல் அவருடைய இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. அது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கவே இருபது வருடம் ஆனது. மலையில் பிறந்தால் அப்படித்தான்.

செய்தி பரவியதும் பொருள்களைப் பயன்படுத்திப் பார்த்து விமர்சிக்கும் எங்கள் யூடியூப் சேனலில் அஞ்சலிகள் வந்து குவிந்தன. "எல்லோரிடமும் அன்பாகப் பேசுவார்", "யார் மனதையும் புண்படுத்தாதவர்", "எதிலும் நல்லதையே பார்ப்பவர்." அக்காவைத் தெரிந்தவர்களே, நீங்கள் யாரைப் பற்றி எழுதுகிறீர்கள்? நான்கு வருடம் அவருடைய வீடியோக்களை எடுத்தவனும் வெட்டி ஒட்டியவனும் நான். அவர் பல பேர் மனதைப் புண்படுத்தினார். புண்பட வேண்டியவர்கள்தான் புண்பட்டார்கள். செத்தவர் என்பதற்காக அவரைச் சர்க்கரைப் பாகில் ஊறப்போட நான் சம்மதிக்க மாட்டேன்.

எங்கள் பழக்கம் ஒரு சண்டையில்தான் தொடங்கியது. சந்தவாசலிலிருந்து வந்து மலை மேல் ஜமுனாமரத்தூரில் ஓர் அறையெடுத்து, செல்போன் சர்வீஸ் கடை போட்டிருந்தேன். அக்கா நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர். வேலைக்கு வந்தவர்களை அங்கேயே படமெடுத்து ஓர் ஆப்பில் ஏற்ற வேண்டும். வேலை நடந்ததோ சிக்னலே இல்லாத ஓடையில். ஒரு நாள் படம் ஏறவில்லை. இருபத்துச் சொச்சம் பெண்கள் அன்று மண் வெட்டியது கணக்கில் வராமல் போனது. போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து என் கடைக்கு வந்தார்.

"போன் நல்லாத்தான் இருக்குது. ஆப்புதான் சரியில்ல."

"அப்ப ஆப்ப ரிப்பேர் பண்ணு."

"அது என் கையில இல்லக்கா."

"பின்ன இன்னாத்துக்குடா கடை வெச்சிக்கிற?"

எனக்கும் கோபம் வந்தது. கேமராவை ஓடவிட்டு, "என்கிட்ட கத்தி இன்னா ஆவப்போவுது, செஞ்சவங்ககிட்டயே சொல்லுங்க" என்று போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "இந்த ஆப்ப செஞ்சவங்களுக்கு வணக்கம். நீங்க நல்லா படிச்சவங்க. ஒரு நாளு எங்க ஓடைக்கு வாங்க. மண்ணு வெட்டுங்க. வெட்டிட்டு, பாறை மேல ஏறி நின்னு, கூலி கெடைக்குமா கெடைக்காதான்னு போனை வானத்துக்குக் காட்டுங்க. ஒரு ஸ்டாரு. அதுவும் அரை ஸ்டாரு போட எடம் இல்லாததால."

அந்த வீடியோ மலையடிவாரம் வரை இறங்கி, கலசப்பாக்கம் பக்கத்து ஆட்கள்கூட எனக்கே அனுப்பினார்கள். அதிகாரி ஒருவர் அவரை வரவழைத்துத் திட்டினார். "நான் சொன்னதுல எது சார் பொய்யி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காக அங்கேயே நின்றிருக்கிறார். ஆப் மாறவில்லை. ஆனால் வேலை சிக்னல் கிடைக்கும் பாறைக்குப் பக்கமாக நகர்ந்தது.

அந்த வீடியோவுக்குப் பிறகு நாங்கள் இருவரும் சேனல் தொடங்கிய புதிதில், எல்லோரையும் போலப் புதுப் பொருளை டப்பா பிரித்துக் காட்டலாம் என்று ஆசைப்பட்டேன். பார்வை அதில்தான் வரும். அக்கா சிரித்தார். "டப்பா பிரிக்கிறது கல்யாணத்துல சீர்வரிசை பாக்குற மாதிரிடா. எல்லாம் பளபளன்னுதான் இருக்கும். ஆறு மாசம் குடும்பம் நடத்திட்டு வந்து சொல்லு." அதுவே சட்டமானது. ஆறு மாதமாவது தாண்டாத எந்தப் பொருளைப் பற்றியும் அவர் வாய் திறந்ததில்லை. நகரத்துச் சேனல்கள் ஐந்து போன்களைப் பேசி முடித்திருக்கும். நாங்கள் ஒரு மிக்ஸியின் மூடி எப்போது தளரும் என்று காத்திருப்போம்.

அந்த மிக்ஸி வீடியோவில் இன்னொரு சட்டமும் பிறந்தது. மிக்ஸியை வாங்கியவர், மோட்டார், வாட்ஸ் என்று கேமரா முன்னால் அடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா குறுக்கே புகுந்தார். "நீ எத்தினி நாளு அரைச்ச?" அவர் சமையலறைப் பக்கம் கை காட்டினார். "வாங்குனவரு வெளிய குந்து. அரைக்கிறவ பேசட்டும்." உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து, முதல் வாக்கியமாக, "கழுவும்போது கைய கிழிக்குது" என்றார். அதன் பிறகு அவர் நிறுத்தவேயில்லை. அந்த வீட்டில் அந்த அம்மாவின் கருத்தைக் கேட்டுப் பதிவு செய்தது அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன்.

சினிமாவுக்கும் போவோம். ஒரு படத்தில் மலைவாழ் மக்களைக் காட்டுகிறார்கள் என்று அக்கா, மாமா, நான் என மூன்று பேரும் திருப்பத்தூருக்குப் போனோம். பெயர் வேண்டாம், விளம்பரமாகிவிடும். திரையில் எல்லோரும் இலையும் இறகுமாக நெருப்பைச் சுற்றி ஆடினார்கள். கீழேயிருந்து வந்த கதாநாயகன் அவர்களுக்குத் தைரியம் சொன்னான். வெளியே வந்ததும் நான் கோபத்தில் பத்து நிமிடம் பேசினேன். எல்லாம் அடக்குமுறை, பிம்பம் என்று பெரிய பெரிய வார்த்தைகள். அக்கா கேட்டுவிட்டு, தியேட்டர் வாசலிலேயே தன் விமர்சனத்தைப் பதிவு செய்தார்: "எங்கள நல்லா ஆட வெச்சிருக்காங்க. எங்க வூட்டுல மிக்ஸி இருக்கறத காட்டல. கரண்டு பில்லு கட்ட நிக்கறத காட்டல. அந்த இறகெல்லாம் எந்தக் கடையில வாங்குனதுன்னு சொன்னா நாங்களும் ரெண்டு வாங்கிக்குவோம்." என் பத்து நிமிடப் பேச்சை நான் வீடியோவில் சேர்க்கவில்லை.

அவர் தவறும் செய்தார். ஒரு ஹெட்லைட்டை, தலையில் கட்டிக்கொள்ளும் டார்ச்சைத்தான் சொல்கிறேன், ஆறு மாதம் பார்த்து நல்லது என்றார். அவர் பேச்சை நம்பி ஊரில் பலர் வாங்கினார்கள். எட்டாவது மாதம், அடைமழையில், ஒவ்வொன்றாக அணைந்தன. மாடு தேடப் போன ஒருவர் பாதி வழியில் இருட்டில் நின்றுவிட்டார். அக்கா, அதை வாங்கியவர்களின் வீடு வீடாகப் போய், "என் பேச்ச கேட்டு வாங்கிட்ட, தப்பு என்மேலதான்" என்றார். மூச்சு வாங்க வாங்க நடந்தார். நான் அந்த வீடியோவை நீக்கிவிடலாம் என்றேன். அவர் என்னைத் திட்டிய திட்டுகளில் அதுதான் பெரியது. "அழிச்சிட்டா? பாத்து வாங்குனவ நாளைக்கு வந்து கேட்டா, நான் அப்படிச் சொல்லவேயில்லன்னு சொல்லச் சொல்றியா?" பழைய வீடியோ அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே, "நான் சொன்னது தப்பு" என்ற வீடியோவும் இருக்கிறது.

இனி அந்த ஸ்கூட்டர். சேட்டு மாமா ஆசைப்பட்டு ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கினார். ஆறு மாதம் முடிந்த அன்று, போளூர்ப் பக்கத்து மலைப்பாதையில் மாமாவைப் பின்னால் உட்கார வைத்து, முன்னால் ஒரு சாமை மூட்டையுடன் அக்கா ஓட்டினார். நான் பின்னால் என் பைக்கில் படமெடுத்துக்கொண்டு வந்தேன். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி முக்கியது, நின்றது. பிரேக்கைப் பிடித்தும் பின்னால் சரிந்தது. மாமா குதித்து, கிடந்த கல்லை இழுத்துப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். அக்கா இறங்கி, கேமராவைப் பார்த்து, "ஒரு ஸ்டாரு" என்றார். பிறகு திரும்பிப் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். அதையும் நான் வெட்டவில்லை.

விற்ற ஷோரூம்காரர் போன் செய்து, இரண்டு பேர், மேலே மூட்டை, அது ஓவர்லோடு என்றார். அக்கா சொன்ன பதில் இது: "மலையில ஒத்த ஆளா வெறுங்கையோட வண்டியில போறவன் டூரிஸ்டு மட்டுந்தாங்க. அவனுக்கு நல்ல வண்டின்னு எழுதி வெச்சி வித்துக்கங்க." மாமாவுக்கு அவமானம். தான் ஆசைப்பட்டு வாங்கிய வண்டியைப் பார்த்து ஊரே சிரித்தது என்று இரண்டு நாள் அக்காவுடன் பேசவில்லை. அந்த வீடியோவை அவர் பார்க்கவும் இல்லை.

அக்கா இறந்த அன்று, ஆஸ்பத்திரியில் மாமா தனியாக நின்றபோது, உடலை மலைக்கு ஏற்றிவர வண்டி அனுப்பியவர் அதே ஷோரூம்காரர்தான். இதை நான் மறைக்கக் கூடாது. யாரும் கேட்காமலே அனுப்பினார். நல்ல காரியம்.

படத்திறப்பு அன்று மாலையோடு வந்தார். படத்துக்குப் போட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா தங்கமானவங்க. அவங்க பேர்ல கடைசியா ஒரு கசப்பு எதுக்குங்க? அந்த ஒரு வீடியோவ மட்டும் எடுத்துட்டா அவங்க ஆத்மாவுக்கும் நல்லது" என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். "மச்சான், ஒண்ணுதானே. இத்தினி செஞ்சிருக்காரு."

சேனலின் கடவுச்சொல் என்னிடம் இருக்கிறது. முடியாது என்று கத்தியிருப்பேன். ஆனால் கணவனை இழந்தவளுக்கு ஊர் கட்டளையிடுவது போல, மனைவியை இழந்தவருக்கு நான் கட்டளையிட முடியாது. "நீ மொதல்ல பாரு மாமா. பாத்துட்டு எடுக்கச் சொன்னா எடுத்துடறேன்" என்று போனைக் கொடுத்தேன்.

அவர் பார்த்தார். அக்காவின் குரல் கேட்டதும் சுற்றியிருந்த பெண்கள் அழத் தொடங்கினார்கள். மாமா அழவில்லை. வண்டி சரிகிற இடத்தில் நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி பார்த்தார்.

"அந்தக் கல்ல வெச்சவன் நான்."

"ஆமா மாமா."

"பக்கத்துல தடுப்புச்செவுரு ஒடஞ்சி கெடந்துது. கல்லு கெடைக்காம போயிருந்தா ரெண்டு பேரும் அன்னிக்கே போயிருப்போம்." பிறகு ஷோரூம்காரரிடம் திரும்பிக் கும்பிட்டார். "வண்டி அனுப்புனீங்க, சாவற வரைக்கும் மறக்க மாட்டேங்க. ஆனா வீடியோ இருக்கட்டும்ங்க. அதுல இருக்கறது நடந்துது."

"நான் உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"தெரியுங்க. சாப்ட்டுட்டுப் போங்க."

அவர் சாப்பிடாமல்தான் போனார். அதற்காக நான் வருத்தப்படவில்லை; மாமா வருத்தப்பட்டார். அவர் என்னைவிட நல்ல மனிதர்.

கடைக்குத் திரும்பும் வழியில், சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று சேனலைத் திறந்தேன். ஸ்கூட்டர் வீடியோவுக்குக் கீழே, வேறு ஏதோ ஒரு மலை ஊரிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். அக்கா இறந்தது அவருக்குத் தெரியாது. "அக்கா, இந்த வண்டி வாங்கலாம்னு இருக்கோம். பாப்பாவையும் உக்கார வெச்சிட்டு எங்க ஊரு மேட்டுல ஏறுமா?"

இரங்கல் செய்திகளுக்கு நான் இதுவரை பதில் போடவில்லை. இனியும் போடப்போவதில்லை. அலமேலு அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது இந்த மாதிரிக் கேள்விகளை மட்டும்தான். அவர் இல்லாத இடத்தில் நின்று, அவர் சொல்லியிருக்கக்கூடிய அளவுக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். என் சொந்தப் பெயரில் எழுதினேன்: "ஏறாதுங்க. நாங்க ஏறிப் பாத்தோம். வாங்காதீங்க."